சிறு சமூக வலைகள்: சேவையகங்கள் ஒன்றோடொன்று பேசும் முறை

ஒரு சமூக வலைத்தளத்தில் கணக்கு வைத்திருப்பவர், இன்னொரு நிறுவனத்தின் தளத்தில் எழுதுகிறவரைத் தம் கணக்கிலிருந்தே பின்தொடர முடிவதில்லை. அங்கேயும் தனியாக ஒரு கணக்கைத் தொடங்கியாக வேண்டும். நெடுநாள் பழக்கத்தால் இது இயற்கை விதி போலத் தோன்றுகிறது. ஆனால் மின்னஞ்சலில் அப்படி ஒரு விதி கிடையாது. எந்த நிறுவனத்தின் முகவரியிலிருந்தும் வேறெந்த நிறுவனத்தின் முகவரிக்கும் அஞ்சல் போய்ச் சேர்கிறது. ஏனெனில் அஞ்சலைக் கைமாற்றுவதற்கான பொது நெறிமுறை 1982ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிடப்பட்டுவிட்டது, அஞ்சல் சேவை நடத்தும் அனைவரும் அதற்கும் அதன் பிந்தைய திருத்தங்களுக்கும் கட்டுப்பட்டு நடக்கிறார்கள். சமூக வலைக்கும் அத்தகைய பொது நெறிமுறை ஒன்றை எழுதினால் என்ன என்ற எண்ணத்திலிருந்து பிறந்தவையே, நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் திறந்து வெளியிடும் திறமூல நிரலாளர்கள் இன்று அதிகம் பேசிக்கொள்ளும் சிறு சமூக வலைகள்.

இவற்றுக்கு அடிப்படையான கருத்தைக் கூட்டிணைவு எனலாம். ஆயிரக்கணக்கானோர் இருக்கும் சேவையகம் (தளத்தை இயக்கும் கணினி) ஒன்று, பத்து நண்பர்களுக்காக ஒருவர் நடத்தும் சேவையகம் ஒன்று, நடத்துபவரைத் தவிர வேறு யாருமே இல்லாத சேவையகம் ஒன்று என்று மூன்று இருப்பதாகக் கொள்வோம். மூன்றுக்கும் தனித்தனி நிர்வாகி, தனித்தனி விதிகள், தனித்தனித் தரவுத்தளம். அப்படியிருந்தும் ஒன்றில் உள்ளவர் மற்றொன்றில் உள்ளவரைப் பின்தொடரலாம், மறுமொழி எழுதலாம், அவர் பதிவைத் தம் வட்டத்தினருக்குப் பகிரலாம். எல்லாவற்றுக்கும் மேலே அமர்ந்து வழிநடத்தும் தலைமைச் சேவையகம் என்று ஒன்று எங்கும் இல்லை. இவ்வாறு இணைந்த சேவையகங்கள் அனைத்தையும் சேர்த்து ஃபெடிவெர்ஸ் என்கிறார்கள். குறும்பதிவுகளுக்கான மாஸ்டடான் அதில் பலரும் அறிந்த பெயர்; காணொளிக்குப் பீர்ட்யூப், ஒளிப்படங்களுக்குப் பிக்ஸல்ஃபெட், இணைப்புகளை முன்வைத்து விவாதிக்க லெம்மி என்று பிறவும் உண்டு.

இந்த முயற்சி திடீரென்று முளைத்ததன்று. எவன் புரோட்ரோமோ 2008இல் ஐடென்டிகா என்ற குறும்பதிவுத் தளத்தைத் தொடங்கி, அதன் நிரலையும் திறமூலமாக வெளியிட்டார். அந்த வழியில் வந்த ஓஸ்டேட்டஸ் என்ற நெறிமுறையைப் பயன்படுத்தியே 2016இல் ஜெர்மனியைச் சேர்ந்த யூஜென் ரோச்கோவின் மாஸ்டடானும் தொடங்கியது. பின்னர் டபிள்யூ3சி என்னும் இணையத் தர அமைப்பின் குழு ஒன்று ஆக்டிவிட்டிபப் என்ற புதிய நெறிமுறையை வகுத்தது. 2018 ஜனவரியில் அது முறையான பரிந்துரையாக வெளிவந்தது. மாஸ்டடான் அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2017 செப்டம்பரில், அந்த நெறிமுறைக்கு மாறியிருந்தது. இன்று ஃபெடிவெர்ஸ் என்று சொன்னால் பெரும்பாலும் ஆக்டிவிட்டிபப் பேசும் சேவையகங்களையே குறிக்கிறது.

நெறிமுறை என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு சேவையகங்கள் ஒன்றுக்கொன்று எந்த வடிவத்தில், எந்த முகவரிக்கு, என்னென்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்பதற்கான எழுத்து உடன்பாடு அது, அவ்வளவே. அது நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் பிறகு வரும் சிக்கல்கள் யாவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கயல் என்பவருக்கு அல்லி என்னும் சேவையகத்திலும், மாறன் என்பவருக்குத் தாமரை என்னும் சேவையகத்திலும் கணக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கயல் தம் தேடல் பெட்டியில் மாறனின் முழு முகவரியை இடுகிறார். அந்த முகவரியில் மாறனின் பெயரும் தாமரையின் பெயரும் சேர்ந்தே இருக்கும், மின்னஞ்சல் முகவரியைப் போல. உடனே அல்லி, தாமரையிடம் சென்று, மாறன் என்று ஒருவர் உங்களிடம் இருக்கிறாரா, இருந்தால் அவருடைய விவரப் பக்கம் எங்கே என்று கேட்கிறது. இந்தக் கேள்விக்கென்றே வெப்ஃபிங்கர் என்ற தனி நெறிமுறை 2013இல் வகுக்கப்பட்டிருக்கிறது. தாமரை முகவரியைத் தந்ததும் அல்லி அந்த விவர ஆவணத்தைப் பெறுகிறது. அதில் மாறனின் பெயரும் படமும் மட்டுமல்லாமல், அவருக்கு வரும் செய்திகளைப் போட வேண்டிய உள்பெட்டியின் முகவரி, அவர் வெளியிட்டவை இருக்கும் வெளிப்பெட்டியின் முகவரி, அவருடைய கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச் சாவி ஆகியவையும் இருக்கும்.

கயல் இப்போது பின்தொடர் என்ற பொத்தானை அழுத்துகிறார். அல்லி ஒரு சிறு செய்தியைத் தயாரிக்கிறது. செய்தியின் வகை பின்தொடர்தல், செய்பவர் கயல், குறிக்கப்படுபவர் மாறன் என்ற மூன்று விவரங்களே அதில் முக்கியமானவை. அதனுடன் கயலின் மறைசாவியால், அதாவது அவருடைய பொதுச் சாவிக்கு இணையாக இரகசியமாக வைக்கப்பட்ட சாவியால், இட்ட கையொப்பத்தையும் சேர்த்து மாறனின் உள்பெட்டிக்கு அனுப்புகிறது. தாமரை உடனே நம்பிவிடுவதில்லை. அல்லியிடமிருந்து கயலின் பொதுச் சாவியைப் பெற்று, கையொப்பம் பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தினால் மட்டுமே ஏற்பு என்ற வகைச் செய்தியைத் திருப்பி அனுப்புகிறது. அதன் பிறகு மாறன் எதை எழுதினாலும், உருவாக்கம் என்ற வகைச் செய்தியாக அதன் நகல் ஒன்று அல்லிக்கு வந்து சேர்கிறது. அல்லியில் மாறனைப் பின்தொடர்பவர்கள் ஐம்பது பேர் இருந்தாலும் ஐம்பது நகல்கள் வர வேண்டியதில்லை. சேவையகத்துக்கென உள்ள பொது உள்பெட்டியில் ஒரு நகலைப் போட்டால் போதும், அதை ஐம்பது பேருக்கும் காட்டுவது அல்லியின் வேலை.

இங்கே நகல் என்ற சொல்லை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கயல் படிப்பது தாமரையில் இருக்கும் பதிவை அன்று, அல்லியில் வந்து இறங்கிய நகலை. புதிதாக வருபவர்களைக் குழப்பும் பல செய்திகளுக்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது. ஒருவரை இன்று பின்தொடரத் தொடங்கினால் அவருடைய பழைய பதிவுகள் பல நேரங்களில் காணப்படாமல் இருப்பது ஏன்? அவர் அவற்றை எழுதிய நாளில் உங்கள் சேவையகத்தில் அவரைப் பின்தொடர ஒருவரும் இல்லை, ஆகவே நகல் வரவில்லை. ஒரே பதிவுக்கு இங்கே ஏழு விருப்பங்களும் அங்கே முப்பது விருப்பங்களும் தெரிவது ஏன்? ஒவ்வொரு சேவையகமும் தன்னிடம் வந்து சேர்ந்த செய்திகளை மட்டுமே எண்ணுகிறது. மறுமொழிகளும் இப்படியே விடுபட்டுப்போகும். பத்துப் பேர் பதில் எழுதிய கேள்விக்கு, பதிலே வராதது போல எண்ணிப் பதினோராவது ஆள் அதே பதிலை எழுதுவது இங்கே அன்றாடக் காட்சி.

நீக்கமும் அப்படித்தான். மாறன் ஒரு பதிவை அழித்தால், தாமரை மற்றச் சேவையகங்களுக்கு நீக்கம் என்ற வகைச் செய்தியை அனுப்புகிறது. நன்னடத்தையுள்ள சேவையகம் தன் நகலை அழித்துவிடும். அந்நேரம் அணைந்து கிடந்த சேவையகமோ, வேண்டுமென்றே மதிக்காத சேவையகமோ அழிக்காது. பொதுவெளியில் எழுதியதைத் திரும்பப் பெறுவது எந்த வலையிலும் உறுதியில்லை என்றாலும், கூட்டிணைந்த வலையில் அது வெளிப்படையாகவே ஒரு வேண்டுகோள் மட்டுமே.

இந்தப் பேச்சு நுட்பமானது என்பதை நான் ஒரு சிறு சேவையகத்தை நடத்திப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். ஒருநாள் வெளியிலிருந்து வரும் பதிவுகள் வழக்கம்போல் வந்தன. இங்கிருந்து போனவை மட்டும் எங்கும் போய்ச் சேரவில்லை. பதிவேட்டைத் திறந்து பார்த்தால், அனுப்பிய ஒவ்வொன்றையும் எதிர்ச் சேவையகங்கள் 401 என்ற எண்ணுடன், அதாவது உங்களை எங்களால் அடையாளம் காண முடியவில்லை என்று சொல்லித் திருப்பியிருந்தன. சாவியை மாற்றினேன், அமைப்புகளைப் புரட்டினேன், பயனில்லை. கடைசியில் பார்த்தால் கணினியின் கடிகாரம் பிசகியிருந்தது. கையொப்பத்துடன் நேரமும் சேர்ந்தே போகிறது. யாராவது பழைய செய்தியைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபடி அனுப்பி ஏமாற்றக்கூடாது என்பதற்காக, மிகப் பழையதாகத் தெரியும் நேரத்தைப் பெறுபவர்கள் ஏற்பதில்லை. கடிகாரத்தைச் சரிசெய்ததும் எல்லாம் ஓடத் தொடங்கிற்று. அரை நாள் போனது.

மொழி ஒன்றானாலும் வட்டாரத்துக்கு வட்டாரம் வழக்கு மாறுவது போல, ஆக்டிவிட்டிபப்பையும் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கே உரிய வழக்கில் பேசுகிறது. பீர்ட்யூப் காணொளி ஒன்றுக்கு மாஸ்டடானிலிருந்து மறுமொழி எழுதினால், அது காணொளியின் கீழே கருத்தாகத் தோன்றுகிறது. இது இனிதாக அமைந்த பொருத்தம். மாறாக, ஜப்பானில் உருவான மிஸ்கீயில் ஒருவர் ஒரு பதிவுக்கு அழுமுகத்தை இட்டால், மாஸ்டடானில் அது வெறும் விருப்பமாக எண்ணப்படுகிறது. இறப்புச் செய்தி ஒன்றுக்கு இப்படி நிகழ்ந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நெறிமுறை ஆவணத்தில் இதற்கெல்லாம் விடை கிடையாது. எழுதப்படாத இடங்களில் பெரிய மென்பொருள் எதைச் செய்கிறதோ அதுவே நடைமுறை விதியாகிவிடுகிறது. அதில் எனக்கு மனநிறைவில்லை. ஆனால் உண்மை நிலை அதுதான்.

மென்பொருளின் பருமனிலும் பெரிய வேறுபாடு உண்டு. மாஸ்டடானை நிறுவ போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், தரவை நினைவகத்தில் வைத்து விரைவாகத் தரும் ரெடிஸ், பின்னணியில் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கும் சைட்கிக் என்று பல பகுதிகளை இயக்க வேண்டும். கோ மொழியில் எழுதப்பட்ட கோடுசோஷியல், எஸ்கியூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தை வைத்துக்கொண்டே ஓடிவிடும். சி மொழியில் எழுதப்பட்ட ஸ்னாக் என்ற மென்பொருளுக்குத் தரவுத்தளமே வேண்டாம். எல்லாவற்றையும் சாதாரணக் கோப்புகளாகவே வைத்துக்கொள்கிறது. தனக்கும் சில நண்பர்களுக்கும் மட்டும் ஒரு சேவையகம் வேண்டும் என்பவர் முதலில் இச்சிறியவற்றைப் பார்ப்பதே அறிவுடைமை.

இவற்றில் பலவும் ஏஜிபிஎல் என்ற உரிமத்தின்கீழ் வெளியாகின்றன. நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். ஆனால் மாற்றியதை இணையச் சேவையாக மக்களுக்கு வழங்கினால், அந்தப் பயனர்களுக்கு மாற்றிய நிரலையும் தர வேண்டும் என்பதே அதன் சாரம். இது ஏட்டோடு நின்ற விதியன்று. 2021இல் ட்ரூத் சோஷியல் என்ற சமூக வலைத்தளம் மாஸ்டடானின் நிரலின் மேல் கட்டப்பட்டிருப்பதும், மூல நிரல் தரப்படாமல் இருப்பதும் தெரியவந்தபோது, மாஸ்டடான் தரப்பு அக்டோபரில் முறைப்படி கடிதம் அனுப்பியது. அடுத்த மாதமே மூல நிரல் தளத்தில் வைக்கப்பட்டது.

நிரல் எழுதும் கருவிகள்

இந்த வலைகளைக் கட்டுபவர்கள் ஒன்றுகூடினால், பேச்சு விரைவிலேயே செயற்கை நுண்ணறிவை நோக்கித் திரும்பிவிடுகிறது. 2021 ஜூனில் கிட்ஹப் கோபைலட்டின் முன்னோட்டம் வெளிவந்தபோது, அடுத்த சில வரிகளை முன்கூட்டியே எழுதிக் காட்டும் உதவியாக அது இருந்தது. இன்றைய கருவிகள் கோப்புகளைத் தாமே திறந்து படித்து, மாற்றி, சோதனைகளை ஓட்டி, பிழை வந்தால் மறுபடி முயல்கின்றன. அடிப்படை ஒன்றேதான்: ஏராளமான நிரல்களையும் எழுத்தையும் கொண்டு பழக்கப்படுத்தப்பட்ட மொழி மாதிரி, இதுவரை வந்ததைப் பார்த்து அடுத்து வரக்கூடியதைக் கணித்து எழுதுகிறது.

அத்தகைய கருவி ஒன்றிடம் ஆக்டிவிட்டிபப்பின் உள்பெட்டிப் பகுதியைப் பைத்தான் மொழியில் எழுதித் தரும்படி கேட்டேன். சில நிமிடங்களில் ஓடும் நிரல் கிடைத்தது. மாறிகளின் பெயர்கள்கூட நேர்த்தியாக இருந்தன. கையொப்பம் பொருந்துகிறதா என்ற சோதனையும் அதில் இருந்தது. இல்லாமற்போனது ஒரே ஒரு வரி: கையொப்பமிட்டவரும் செய்தியில் செய்பவர் என்று குறிக்கப்பட்டவரும் ஒருவரேதானா என்ற சோதனை. அந்த வரி இல்லையென்றால் என்ன ஆகும்? தாமரையில் உள்ள எவரும் தம்முடைய சொந்தச் சாவியால் முறையாகக் கையொப்பமிட்டு, இதைக் கயல் எழுதினார் என்று ஒரு செய்தியை அனுப்பலாம். கையொப்பம் உண்மையானது, ஆகவே சோதனையில் தேறிவிடும். உரிமை கோரல் மட்டும் பொய். பத்திரத்தில் உள்ள கையெழுத்து அசலா என்று பார்த்துவிட்டு, அது யாருடைய கையெழுத்து என்று பார்க்க மறந்த கதை.

கருவியை ஏளனம் செய்ய இதைச் சொல்லவில்லை. மனிதர்களே கவனத்துடன் வளர்த்த மாஸ்டடானிலும் இதற்கு நெருங்கிய வகைப் பிழை இருந்தது. வந்த தரவு உண்மையில் எங்கிருந்து தோன்றியது என்பதைப் போதிய அளவு சரிபார்க்காததால், பிற சேவையகங்களின் எந்தக் கணக்காகவும் ஒருவர் வேடமிட முடிந்தது. தீவிரத்தில் 10க்கு 9.4 என மதிப்பிடப்பட்ட அந்தப் பிழையை 2024 பிப்ரவரி 1 அன்று வெளியான 4.2.5 பதிப்பு திருத்தியது. ஓடுகிற நிரலை எழுதுவதும், அறிமுகமில்லாத சேவையகங்கள் அனுப்பும் எதையும் எதிர்கொள்ளத்தக்க நிரலை எழுதுவதும் வேறு வேறு வேலைகள். முதலாவதன் நேரத்தைக் கருவிகள் வெகுவாகக் குறைத்துவிட்டன. இரண்டாவதற்கு, எதிரில் இருப்பவர் உடன்பாட்டை மீறினால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து யோசிக்கும் ஆள் இன்னும் தேவைப்படுகிறார்.

அந்த ஆள்தான் இப்போது களைத்திருக்கிறார். திறமூலத் திட்டங்களைப் பராமரிப்பவர்களில் பலர் ஊதியமின்றி மாலை நேரங்களில் வேலை செய்பவர்கள். நிரலை உருவாக்க ஐந்து நிமிடம் போதும் என்றாகிவிட்டபோதும், அதைப் படித்துச் சரிபார்க்க ஒரு மணி நேரம் ஆவது மாறவில்லை. இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற புகழ்பெற்ற கருவியைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க், மொழி மாதிரிகளால் எழுதப்பட்ட போலிப் பாதுகாப்புப் புகார்கள் தம் நேரத்தைத் தின்பது குறித்து 2024 ஜனவரியிலேயே வெளிப்படையாக எழுதினார். அவ்வாண்டு ஏப்ரலில் ஜென்டூ என்ற இயங்குதளத் திட்டமும் மே மாதத்தில் நெட்பிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளத் திட்டமும், மொழி மாதிரிகளால் எழுதப்பட்ட நிரல் பங்களிப்புகளுக்குக் கட்டுப்பாடு விதித்தன. வேறு பல திட்டங்கள் கருவியைப் பயன்படுத்தினால் அதைச் சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு வரிக்கும் நீங்களே பொறுப்பேற்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்குப் பின்னதே நடைமுறைக்கு ஒத்ததாகப் படுகிறது. தடை விதித்தாலும் கண்டுபிடிக்க உறுதியான வழி ஏதுமில்லை.

திரட்டுபவர்களும் நகல்களும்

செயற்கை நுண்ணறிவு சிறு சேவையகத்தின் வாசலுக்கு வேறொரு முகத்துடனும் வருகிறது. மொழி மாதிரிகளைப் பழக்க எழுத்து தேவை. அதைத் திரட்ட நிரல்கள் இணையம் முழுவதும் அலைகின்றன. ரோபாட்ஸ் கோப்பு என்ற பழைய ஏற்பாடு 1994இல் தோன்றியது. தளத்தின் எந்தப் பகுதிக்குத் திரட்டும் நிரல்கள் வரலாம், எதற்கு வரக்கூடாது என்பதை அதில் எழுதி வைக்கலாம். மதிப்பதும் மதிக்காததும் வருபவரின் விருப்பம். பெரிய நிறுவனத்தின் சேவையகங்களுக்கு நொடிக்கு நூறு கூடுதல் கோரிக்கைகள் தூசு. சிறு வாடகைக் கணினியில் ஓடும் சேவையகமோ அதிலேயே மூச்சுத் திணறும். இதனால் அனுபிஸ் போன்ற திறமூலத் தடுப்புகள் பரவின. பக்கத்தைத் தருவதற்கு முன், வருபவரின் உலாவியைச் சிறு கணக்கு ஒன்றைப் போடச் செய்வது அதன் உத்தி. தனி மனிதருக்கு அது ஓரிரு நொடித் தாமதம். இலட்சக்கணக்கில் பக்கங்களை அள்ளுபவருக்குப் பெருஞ்செலவு.

இடையே ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாச் சுமையும் அந்நியர்களிடமிருந்து வருவதில்லை. ஃபெடிவெர்ஸில் பலர் பின்தொடரும் ஒருவர் யாரோ ஒருவரின் சிறு வலைப்பக்கத்தின் இணைப்பைப் பகிர்ந்தால், நகல் பெற்ற ஒவ்வொரு சேவையகமும் முன்னோட்டப் படம் எடுக்கத் தனித்தனியே அந்தப் பக்கத்தைத் தட்டுகிறது. சில நொடிகளில் ஆயிரம் சேவையகங்கள் ஒருசேரக் கதவைத் தட்டினால், பாராட்டி இணைத்த பக்கமே சிறிது நேரம் விழுந்துவிடும்.

திரட்டுதலைச் சட்டப்படி தடுக்க முயன்றவர்களும் உண்டு. மாஸ்டடான் டாட் சோஷியல் என்ற பெரிய சேவையகம் 2025இல் தன் பயன்பாட்டு விதிகளில், பயனர்களின் தரவைக் கொண்டு மொழி மாதிரிகளைப் பழக்குவதைத் தடை செய்யும் மாற்றத்தை அறிவித்தது. ஆனால் நகல் பற்றி மேலே பார்த்ததை இங்கே நினைவுகூர வேண்டும். தாமரையின் விதி தாமரையைக் கட்டுப்படுத்தும். மாறனைப் பின்தொடரும் இருநூறு சேவையகங்களில் கிடக்கும் நகல்களுக்கு அந்தந்தச் சேவையகத்தின் விதியே பொருந்தும், அங்கே விதி எதுவும் எழுதப்படாமலும் இருக்கலாம்.

ஆகவே விதி சேவையகத்தோடு நிற்காமல் கணக்கோடும் பதிவோடும் சேர்ந்தே பயணிக்க வேண்டும் என்று நிரலாளர்கள் வாதிடுகிறார்கள். தேடலைப் பொறுத்தவரை அது ஓரளவு நடந்தும் இருக்கிறது. என் பொதுப் பதிவுகளைத் தேடலில் சேர்க்கலாமா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் ஒரு சிறு புலம், பொது முன்மொழிவாக எழுதப்பட்டு, 2023 செப்டம்பரில் வந்த மாஸ்டடான் 4.2 பதிப்பில் இடம்பெற்றது. பயனர் ஆம் என்று சொன்னால் மட்டுமே மாஸ்டடானின் பொதுத் தேடலில் அவருடைய பதிவுகள் எல்லாருக்கும் கிடைக்கும். மாதிரிகளைப் பழக்குவதற்கும் அப்படி ஒரு புலத்தைச் சேர்ப்பது நிரல் எழுதும் கருவிக்குச் சில நொடி வேலை. அதற்கு என்ன பெயர் வைப்பது, சொல்லாமல் விட்டால் ஆம் என்று கொள்வதா இல்லை என்று கொள்வதா, பகிரப்பட்ட பதிவுக்கு யாருடைய விருப்பம் செல்லும் என்பவற்றை எந்தக் கருவியும் முடிவு செய்து தராது. மாஸ்டடானும் மிஸ்கீயும் லெம்மியும் ஸ்னாக்கும் பேசித்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவரை, இப்படி ஒரு புலம் வந்து சேரும் சேவையகம் பிழை எதுவும் காட்டுவதில்லை. தனக்குத் தெரியாத புலம் என்று அதைத் தாண்டி அடுத்த வரியைப் படிக்கிறது.